அசரீரியும் அதைக் கேட்டவரும்

பாசுரங்களின் பதவுரையையும் வ்யாக்யானச் சுவையையும் தேடி இவ்விதழுக்கு வரும் வாசகப் பெருமக்களிடம், இம்மாதம் சற்று விலகியதொரு பொருளைப் பற்றி விண்ணப்பிக்க அடியேனுக்கு அனுமதி வேண்டும். அருகில் எவரும் பேசாதிருக்க, குரல் கேட்பதைப் பற்றியது இது. விலகிய பொருள் என்றேனேயொழிய, நமக்கு அந்நியமான பொருள் அன்று. உடலின்றி வரும் குரலுக்கு 'அசரீரி' என்று நம் புராணங்கள் பெயரே இட்டு வைத்திருக்கின்றன.

அசரீரி என்றவுடன் நினைவுக்கு வருபவன் கம்ஸன். மணக்கோலத்திலிருந்த தங்கை தேவகியைத் தேரிலேற்றி, தானே கடிவாளம் பிடித்து ஓட்டிச் செல்கிறான். வழியில் ஒரு குரல் அவனை விளித்து, இவளுடைய எட்டாவது பிள்ளையால் உனக்கு மரணம் என்றது. மறுகணமே தங்கையின் கூந்தலைப் பற்றி வாளை ஓங்கினான். ஸ்ரீபாகவத தசம ஸ்கந்தத்தின் தொடக்கத்தில் வரும் இந்தக் கதையை உபந்யாசங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இதில் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. அந்தக் குரல் பொய் சொல்லவில்லை, சொன்னபடியே நடந்தது. குரல் மெய்யாயிருந்தும், அதைக் கேட்டவன் செய்ததெல்லாம் பாதகமாக முடிந்தது.

ஆகவே 'கேட்ட குரல் மெய்யா, பொய்யா?' என்பது ஒரு வினா. 'அக்குரலைக் கேட்டவர் அதனோடு எப்படி வாழ்வது?' என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கிடைத்துவிட்டால் பின்னதும் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒருவர் தமக்குக் குரல் கேட்கிறது என்று சொன்னால், அருள் என்றோ நோய் என்றோ உடனே முத்திரை குத்துகிறோம். அருள் என்றால் காலில் விழுவோம். நோய் என்றால் கதவைச் சாத்துவோம். இரண்டிலும், அவர் என்ன கேட்டார் என்பதை மட்டும் கேட்கமாட்டோம். இப்பழக்கம் எவ்வளவு தீங்கானது என்பதை உலகின் பல பாகங்களிலிருந்தும் கிடைத்துள்ள செய்திகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரியஸ் ரோம் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். 1980-களில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளம்பெண்ணுக்குக் குரல்கள் கேட்டன. மருந்து அவளுடைய பதற்றத்தைச் சற்றுக் குறைத்ததே தவிர, குரல்களை நிறுத்தவில்லை. ஒருநாள் அவள் மருத்துவரிடம் ஒரு நியாயத்தை எடுத்து வைத்தாள். காணவும் கேட்கவும் இயலாத கடவுளை நீங்கள் நம்புகிறீர்கள். நான் உண்மையாகவே கேட்கும் குரலை மட்டும் ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள் என்பது அவளுடைய வாதத்தின் சாரம். ஆஸ்திகர்களாகிய நாம் எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. மருத்துவரும் தள்ளவில்லை. அவளைத் தொலைக்காட்சியில் பேசவைத்து, இத்தகைய அநுபவமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளலாம் என்று அறிவித்தார். 1987-ல் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சிக்குப் பின் ஏறத்தாழ 700 பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுள் 450 பேர் குரல் கேட்பவர்கள். 450 பேரில் 150 பேர், தங்களால் அக்குரல்களோடு நன்றாகவே வாழ முடிகிறது என்றார்கள்.

மருத்துவரை அதிரவைத்தது இந்த 150 என்ற எண்தான். அதுவரை அவர் கண்டவரெல்லாம் நோயாளிகள். குரலோடு குடித்தனம் நடத்துபவர்கள் மருத்துவமனைக்கு ஏன் வரப்போகிறார்கள்? வங்கியில் வாராக்கடன் பிரிவிலேயே பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், நாட்டில் எவருமே கடனைத் திருப்பிச் செலுத்துவதில்லை என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது. அடியேனுக்கு அத்தகைய சக ஊழியர் ஒருவர் உண்டு.

ரோமும் அவருடன் பணிபுரிந்த ஸாண்ட்ரா எஷரும் இவர்களை விரிவாக விசாரித்தபோது மற்றொன்றும் புலப்பட்டது. பெரும்பாலோருக்கு, குரல் வந்த நாளுக்கு முன்னால் ஏதோவொரு பேரதிர்ச்சி நிகழ்ந்திருந்தது. நெருங்கியவரின் மரணம், விபத்து, சிறுவயதில் அநுபவித்த கொடுமை என்று அது பலவாறாக இருந்தது. குரல் என்பது மூளையின் வெறும் இரைச்சலன்று, அதற்கு ஒரு வரலாறு உண்டு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. குரல் கேட்பவர்கள் தமக்குள் கூடிப் பேசிக்கொள்ளும் குழுக்கள் பின்னர் பல நாடுகளில் தோன்றின.

இந்த எண்ணத்துக்கு மூதாதை ஒருவர் உண்டு. பிரான்ஸ் நாட்டின் லெ ஆவ்ர் துறைமுக நகரில் தத்துவ ஆசிரியராயிருந்த பியேர் ஜானே, 1889-ல் வெளியிட்ட நூலில், தாங்கவொண்ணாத அதிர்ச்சியின்போது மனம் தன்னிலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்து ஒதுக்கிவிடுகிறது என்று விளக்கினார். அவர் கண்ட லூசி என்ற பெண், காரணமே தெரியாத பேரச்சத்தால் அவ்வப்போது நடுங்குவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்குள்ளிருந்த பிரிந்த பகுதிக்குத் தெரிந்திருந்தது: சிறுவயதில் திரைச்சீலைக்குப் பின் ஒளிந்திருந்து சிலர் அவளை விளையாட்டாகப் பயமுறுத்தியிருந்தார்கள். விளையாட்டு மறந்துபோயிற்று, அச்சம் மட்டும் தனியே நின்று தொழில் செய்துகொண்டிருந்தது.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். குழந்தைக்கு ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வலுவில்லை என்ற நிலையில், 'இது எனக்கு நடக்கவில்லை' என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது. அந்நேரத்தில் அதுவொரு பாதுகாப்பு. ஆனால் நடந்ததை அநுபவித்த பகுதி அழிந்துவிடுவதில்லை. ஆண்டுகள் பல கழித்து அது வாய் திறக்கும்போது, 'நான் பேசுகிறேன்' என்று தோன்றாமல், 'யாரோ பேசுகிறார்' என்று தோன்றுகிறது. குரல் கேட்கும்போது மூளையில் ஓடும் இரத்த ஓட்டத்தை 1993-ல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பேச்சைக் கேட்கும் பகுதியைவிட, பேச்சை உருவாக்கும் பகுதியே முனைந்து செயல்படுவதைக் கண்டார்கள். பேசுபவரும் கேட்பவரும் ஒருவரே. தாமே பேசுகிறோம் என்பதை அவர் அறியவில்லை. இயக்கமுறை இதனால் ஓரளவு விளங்கிற்று. ஆனால் காசோலை எந்தக் கிளை வழியாக வந்தது என்று அறிந்த மாத்திரத்தில், கொடுத்தவர் அதை எதற்காகக் கொடுத்தார் என்பது தெரிந்துவிடாது.

எலனார் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 2013-ல் ஆற்றிய உரையில் தம் கதையையே சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு முடிந்து வெளியேறும்போது, அவர் அறையை விட்டுச் செல்கிறார் என்று ஒரு குரல் படர்க்கையில் அறிவித்தது. திரும்பிப் பார்த்தால் எவருமில்லை. அதன்பின் அவர் செய்வதையெல்லாம் அது அமைதியாக வருணித்துக்கொண்டே வந்தது. முதலில் அதில் அச்சமூட்டுவது ஏதுமில்லை. ஒருவகையில் துணையாகக்கூட இருந்தது. தமக்குள் அடக்கிய கோபம் அக்குரலில் சிறிது எரிச்சலாக வெளிப்படுவதையும் அவர் கவனித்திருந்தார். இதைத் தோழி ஒருத்தியிடம் சொன்னார், அவள் பதறிப்போனாள். பதற்றம் தொற்றிக்கொண்டது. மருத்துவரிடம் சென்றார். பேச்சுவாக்கில், மாணவர் தொலைக்காட்சியில் அன்று மாலை தாம் செய்தி வாசிக்க வேண்டும் என்றார். செய்தி வாசிப்பவராகத் தம்மைக் கற்பனை செய்துகொள்ளும் மயக்கம் உள்ளவர் என்று குறிப்பில் ஏறிற்று! மருத்துவமனை, மனச்சிதைவு என்ற பெயர், மருந்துகள் எல்லாம் வரிசையாக வந்தன. இதைவிடப் புற்றுநோய் வந்திருந்தால் குணப்படுத்துவது எளிது என்று ஒரு மருத்துவர் அவரிடமே சொன்னாராம். குரலை எதிரியாகக் கருதத் தொடங்கியதும் அது எதிரியாகவே மாறிற்று, ஒன்று பலவாயிற்று, கட்டளையிட்டது, மிரட்டியது.

பின்னர் அவர் மீண்டது, குரலை எதிர்த்து வென்றதனால் அன்று. உமக்கு என்ன கோளாறு என்று கேளாமல், உமக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். சிறுவயதில் தாம் அநுபவித்த கொடுமைகளோடு ஒவ்வொரு குரலும் தொடர்புடையது என்று அவர் படிப்படியாகக் கண்டார். வீட்டை விட்டு வெளியே போகாதே என்று ஒரு குரல் மிரட்டினால், தாம் எவ்வளவு அஞ்சியிருக்கிறோம் என்பதை எடுத்துக்காட்டியதற்காக அதற்கு நன்றி சொல்லி, இப்போது அஞ்ச வேண்டியதில்லை என்று அதற்கு ஆறுதல் கூறுவாராம். மிகக் கொடிய குரல்தான் மிகவும் காயம்பட்ட பகுதியின் குரல் என்பது அவர் கண்டறிந்தது. அதன்பின் உளவியல் பயின்று பட்டம் பெற்று, இத்துறையிலேயே ஆராய்ச்சி செய்துவருகிறார்.

எலனாரின் கதை நெஞ்சைத் தொடுகிறது என்பதற்காக, எல்லாக் குரலுக்கும் இதுவே காரணம் என்று பொதுவிதி வகுத்துவிடலாகாது. கடுங்காய்ச்சல், வலிப்பு, உறக்கமின்மை, குடியை திடீரென நிறுத்துதல், முதுமையில் செவிப்புலன் மங்குதல், மறதி நோய் ஆகியவற்றாலும் குரல் கேட்கும். சிறுவயதுக் கொடுமைகளுக்கும் கடும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்து 2012-ல் கணக்கிட்டபோது, கொடுமைக்கு ஆளானவர்களிடம் அதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 2.8 மடங்கு என்று வந்தது. இது பெரிய எண்ணே. ஆயினும் கொடுமைக்கு ஆளான பலருக்குக் குரல் கேட்பதில்லை. குரல் கேட்கும் பலர் அன்பான வீட்டில் வளர்ந்தவர்கள். இதை மறந்தால் விளக்கமே குற்றச்சாட்டாக மாறிவிடும். 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். நோயுற்ற பிள்ளையை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள், அதற்குப் பிறகு பல ஆண்டுகள், நோய்க்குக் காரணமும் நீங்களே என்ற பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள். 'என்ன நேர்ந்தது?' என்ற கேள்வி நோயாளிக்கு ஆறுதலாக இருக்க வேண்டுமேயன்றி, பெற்றவர்களைக் கூண்டிலேற்றும் விசாரணையாக ஆகக்கூடாது.

குரல் எங்கிருந்து எழுகிறது என்பது ஒருபுறமிருக்க, அது எந்த ஊரில் கேட்கிறது என்பதும் முக்கியம் என்று தெரியவந்திருக்கிறது. அமெரிக்க மானுடவியல் அறிஞர் டான்யா லூர்மன், நம் சென்னை மருத்துவர்களும் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு மருத்துவர்களும் துணைநிற்க, ஓர் ஆய்வு செய்தார். கலிஃபோர்னியாவின் ஸான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேர். அனைவரும் கடும் மனநோயால் அவதிப்படுபவர்கள். அனைவருக்கும் குரல் கேட்கும். உமது குரல்களைப் பற்றிச் சொல்லும் என்று கேட்கப்பட்டபோது அமெரிக்கர்கள் பெரும்பாலும் நோயின் பெயரைச் சொன்னார்கள். கொலை, சித்திரவதை, போர் என்று கட்டளையிடும் முகமறியாத குரல்களைச் சொன்னார்கள். அக்ராவில் 16 பேர் கடவுளின் குரலைக் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு, தீய குரல்களைவிட அது வலியதாயிருந்தது. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினர்களின் குரல்கள். பெற்றோர், மாமியார், உடன்பிறந்தோர். குளிக்கச் சொல்லும், சமைக்கச் சொல்லும், ஒழுங்காயிரு என்று அதட்டும்.

இதைப் படித்தபோது அடியேனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. மனம் சிதைந்த நிலையிலும் நம்மவர்களுக்கு வந்து சேர்வது மாமியாரின் அதட்டல்! ஆனால் அதன் பின்னே ஆழ்ந்த பொருள் உண்டு. மனம் என்பது தனியொருவரின் பூட்டிய அறை என்று எண்ணும் சமூகத்தில், உள்ளே கேட்கும் அந்நியக் குரல் பூட்டை உடைத்துப் புகுந்த திருடனாகிறது. பெரியவர்கள் சொல்வது காதில் விழுந்துகொண்டேயிருப்பதுதான் வாழ்க்கை என்று பழகிய வீட்டில், அதே குரல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உறவாகிறது. நோய் ஒன்றே, அது பேசும் மொழியை ஊரார் கற்றுக்கொடுக்கிறார்கள்.

உடனே நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த 20 பேரும் துன்பப்பட்டுக்கொண்டிருந்தவர்களே. உறவினர் குரல்களிலும் வசவு உண்டு. மாமியார் குரலில் கேட்கும் ஏச்சு, அந்நியன் குரலில் கேட்பதைவிடக் கூர்மையாகவும் பாயலாம். சாரதா மேனன் அம்மையார் 1984-ல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி மையம் போன்றவை இத்தனை ஆண்டுகளாக மருந்தும் மறுவாழ்வும் அளித்துவருகின்றன என்றால், உறவு மட்டும் போதாது என்பதனால்தானே?

நோயே இல்லாதவர்களுக்கும் குரல் கேட்பதுண்டு. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து 1971-ல் எழுதினார். ஏறத்தாழப் பாதிப்பேர், மறைந்த கணவரோ மனைவியோ அருகிலிருப்பதை ஏதோவொரு வகையில் உணர்ந்திருந்தார்கள்; சிலருக்குக் குரலும் கேட்டது. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை வெளியில் சொல்லவில்லை. ஏளனத்துக்கு அஞ்சினார்கள். அடியேன் வங்கியில் பணியாற்றிய காலத்தில், ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் மூதாட்டி ஒருவர் இருந்தார். குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். வைப்புத்தொகையை உடைத்துப் பேரனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும்படி வீட்டில் வற்புறுத்தினார்கள் போலும். "வேண்டாம்னு அவர் சொல்லிட்டார், சார்" என்றார். அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். "எப்போ சொன்னார், மாமி?" என்று கேட்டேன். "காலம்பர காபி போடறச்சே" என்றார், நேற்று வந்த பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. அந்தக் குரல் மெய்யா என்று கேட்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை. வைப்புத்தொகை அவருடைய கடைசிக் காலம்வரை அவருக்கு உதவிற்று.

கம்ஸனையும் இந்த மூதாட்டியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அங்கே மெய்யான குரல், கொடிய முடிவு. இங்கே மெய்யென்று எவராலும் நிரூபிக்க முடியாத குரல், நல்ல முடிவு.

'இது யாருடைய குரல்?' என்று கேட்பது நல்லதுதான். அதையே முன்முடிவோடு கேட்டால் அது கொலைக்கருவியாகவும் ஆகும். பிரான்ஸ் தேசத்துக் குடியானவப் பெண் ஜோன், பதின்மூன்றாம் வயதளவில் தந்தையின் தோட்டத்தில் முதன்முதலாகக் குரல் கேட்டவள். 1431-ல் ரூவான் நகர மன்றத்தில் நீதிபதிகள் அவளைத் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் அக்குரல் யாருடையது என்பதே. விடையை அவர்கள் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். பத்தொன்பது வயதளவில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். 1456-ல் அத்தீர்ப்பு செல்லாது என்றார்கள்; 1920-ல் அவளைப் புனிதை என்றார்கள்.

தொலைதூரத்துப் பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலை, ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். சென்னை ஆய்வில் குரலுக்கு உறவின் முகம் கொடுத்த அதே சமூகம்தான் இது. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. குஜராத் மாநிலம் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் வேறொரு வழி கண்டார்கள். பிரார்த்தனைக்கு வருபவரைத் தடுக்காமல், அவ்விடத்திலேயே மருத்துவரையும் அமர்த்தினார்கள். மருந்தும் வேண்டுதலும் சேர்ந்து நடக்கின்றன. அருளா, நோயா என்று தீர்ப்புச் சொன்னபிறகே உதவி என்று அங்கே காத்திருக்கவில்லை.

நம் ஸம்ப்ரதாயத்தில் குரல் கேட்டவர்களுக்குக் குறைவில்லை. திருக்கச்சி நம்பிகள் ஆலவட்டம் வீசிக் கைங்கர்யம் செய்யும்போது பேரருளாளன் அவரோடு வார்த்தையாடுவான் என்பது குருபரம்பரை. உடையவர் தம் திருவுள்ளத்திலிருந்த ஐயங்களுக்கு விடை வேண்ட, நம்பிகள் மூலமாக ஆறு வார்த்தைகள் வந்தன. நம்பிகளை நாம் கொண்டாடுவது அவர் குரல் கேட்டார் என்பதற்காக மட்டுமன்று, அவருடைய கைங்கர்யத்துக்காக. ஆறு வார்த்தைகளும் ப்ரமாணங்களோடு பொருந்தியிருந்தன. தமக்கென்று அவர் எதையும் கோரவில்லை. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். குரல் வந்தது என்று சொல்லிக் காணிக்கை வசூலிப்பவர்களை அளக்க இந்த அளவுகோல் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆழ்வார்களின் நிலையை நோயென்று வகைப்படுத்துவது அபசாரம். நோயால் நலிபவரை ஆழ்வார் நிலையில் இருப்பதாகச் சொல்லி மருந்தை மறுப்பது அதைவிடக் கொடுமை. அடியேன் இரண்டையும் ஒப்பிடவில்லை. ஆனால் திருவாய்மொழியில், ஒருவருடைய நிலை புரியாதபோது அருகிலிருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு இரண்டு சித்திரங்கள் உள்ளன. அவற்றிலிருந்து கற்கத் தடையில்லை.

முதலாவது, ஐந்தாம் பத்து ஆறாம் திருவாய்மொழி. உலகைப் படைத்ததும் தானே, உண்டதும் தானே என்றெல்லாம் மகள் பேசுகிறாள். இதை கோபிகைகள் கண்ணனாகவே தம்மைப் பாவித்த அநுகாரத்தோடு ஒப்பிட்டு ஆசார்யர்கள் அநுபவிப்பார்கள். அடியேன் பார்ப்பது தாயின் பேச்சை. பாட்டுக்குப் பாட்டு, மகள் சொன்னதை முதலில் அப்படியே எடுத்துச் சொல்கிறாள். அதன்பிறகே, எம்பெருமான் வந்து ஆவேசித்ததனாலோ என்கிறாள். அதுவும் ஐயமாகவே நிற்கிறது, தீர்ப்பாக இல்லை. ஊரார் விளக்கம் கேட்கிறார்கள். என்ன சொல்வேன் என்கிறாள். பதினொரு பாட்டுகள் அடங்கிய பதிகத்தில் மகளை ஒருமுறைகூட அவள் அதட்டவில்லை.

வணிகவியல் பயின்றவனாதலால் அடியேனுக்கு இதைப் பார்க்கும்போது அனாமத்துக் கணக்கு நினைவுக்கு வருகிறது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகை வந்தால், அதை வருமானமென்று எடுத்துக்கொள்வதும் குற்றம், இல்லையென்று அழித்துவிடுவதும் குற்றம். அனாமத்தில் வைத்து, தொகை, தேதி, வந்த வழி எல்லாம் பிசகாமல் குறித்து, தகவல் வரும்வரை அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோனால் தணிக்கையாளர் சும்மா விடமாட்டார்.

இரண்டாவது சித்திரம், நான்காம் பத்து ஆறாம் திருவாய்மொழியில் வரும் தோழி. தலைவியின் மெலிவைக் கண்ட உற்றார், ஏதோவொரு சிறுதெய்வத்தின் வேலை என்று எண்ணி வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். தோழி அதை விலக்குகிறாள். மருந்தே வேண்டாம் என்பதன்று அவள் பேச்சு. இந்த நோய்க்கு இது மருந்தன்று என்பதே. அவளுக்கு அது எப்படித் தெரிந்தது? உற்றார் கூடி யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் தலைவியின் அருகிலேயே இருந்தவள்.

தாயைப் போலவும் தோழியைப் போலவும் இருப்பது நடைமுறையில் கடினமன்று. வீட்டிலொரு பையனோ பெண்ணோ, தயங்கித் தயங்கி, குரல் கேட்கிறது என்று சொன்னால், முதலில் பதறாமலிருக்கலாம். எப்போது தொடங்கிற்று, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, தெரிந்தவர் குரலா, ஆணா பெண்ணா, என்ன சொல்கிறது, எந்நேரத்தில் அதிகம் என்று கேட்கலாம். சொல்ல விரும்பாததை வற்புறுத்திப் பிடுங்க வேண்டாம். தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறது என்றாலும், உறக்கமும் உணவும் குலைந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்; இரவானால் அரசின் 14416 என்ற எண்ணில் பேசலாம். மருந்து கொடுத்தால், குரல் நின்றுவிட்டதே என்று நாமாக அதை நிறுத்தக்கூடாது. ஸேவிக்க வேண்டிய கோயிலுக்குச் சென்று ஸேவித்தும் வரலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. மருத்துவரின் அறையில், அவன் வாய் திறப்பதற்குள் நாமே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அவன் பேசி முடிக்கும்வரை, பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.